ஒரு வெற்றி, பத்துத் தோல்வி

2025 டிசம்பரில் ஒருநாள் ஸுப்ஹு தொழுதுவிட்டு வந்து கைத்தொலைபேசியைத் திறந்தபோது கன்ஸாஸிலிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது. முப்பத்தாறு வருடங்களுக்கு முன்னர் என்னோடு ஒரே ஆய்வுகூடத்தில் கோதுமை மணிகளை எண்ணி நிறுத்துக்கொண்டிருந்த நண்பன் அனுப்பியிருந்தான். "க்ளீமன் ஓய்வு பெற்றுவிட்டார். கொலின் க்ளைன்தான் புதிய பயிற்றுவிப்பாளர். நீ என்ன சொல்கிறாய்?"

இரண்டு தடவை வாசித்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, யாரும் மௌத்தாப் போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. அமெரிக்காவுல ஒரு கோச்ச மாத்திட்டாங்களாம்."

"அதுக்கு உங்களுக்கென்ன?"

நியாயமான கேள்விதான். சம்மாந்துறையில் நாலு ஏக்கர் வயலும் ஓய்வூதியமுமாக இருக்கிற ஒருவனுக்கு, கன்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புட்போல் அணியை யார் பயிற்றுவித்தால் என்ன? எனக்கென்ன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போது வேறொரு கணக்கையும் ஒப்புவிக்க வேண்டியிருக்கும்.

1989 ஓகஸ்டில் தானியங்களின் களஞ்சியப்படுத்தல் பற்றிப் படிப்பதற்காக மன்ஹாட்டன் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். நியூயோர்க் மன்ஹாட்டன் அல்ல. கன்ஸாஸின் புல்மேடுகளுக்கிடையே கிடக்கும் சிறு நகரம். அங்கு மாவாலைத் தொழிலுக்கென்றே ஒரு துறையும், மாணவர்கள் பழகுவதற்கு ஒரு மாதிரி ஆலையும் இருந்தன. ஆலையைப் பார்த்துக்கொண்ட கிழவர்தான் எனக்கு அந்த விளையாட்டைக் கற்றுத்தந்தார்.

அவர்களுடைய புட்போல் நமது உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோட்கவசம், காலால் உதைப்பதைவிடக் கையால் எறிவதும் இடுக்கிக்கொண்டு ஓடுவதும்தான் அதிகம். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அக்காலத்தில் ஒரு பருவத்துக்குப் பதினொரு போட்டிகள். சனிக்கிழமைகளில் ஊரே மைதானத்தில் இருக்கும். பல்கலைக்கழக அணி என்றால் ஏதோ மாணவர் விளையாட்டு என்று நாம் நினைப்போம். அங்கு பல மாநிலங்களில் அரச சம்பளப் பட்டியலில் முதலாவதாக நிற்பவர் இந்தப் பயிற்றுவிப்பாளர்தான். ஆளுநரைவிட அவருக்குச் சம்பளம் அதிகம். ஆளுநரைவிட ஏச்சும் அதிகம்.

நான் போன வருடம் அந்த அணி நாடு முழுவதற்கும் ஒரு பகிடியாக இருந்தது. பெரிய பல்கலைக்கழக அணிகளில் ஐந்நூறு தோல்விகளை முதலில் எட்டியது அதுதான். 1986 ஒக்டோபருக்குப் பிறகு ஒரு போட்டியிலும் வென்றதில்லை. இருபத்தாறு தோல்வி, ஒரு சமநிலை. அந்தச் சமநிலையும் அயலூர்ப் போட்டியாளரான கன்ஸாஸ் பல்கலைக்கழகத்தோடு 17-17. முன்னைய பயிற்றுவிப்பாளர் மூன்று வருடங்களில் இரண்டே போட்டிகளில் வென்றுவிட்டுப் போயிருந்தார். 'ஸ்போர்ட்ஸ் இலஸ்ட்ரேட்டட்' சஞ்சிகை 1989 செப்டெம்பரில் அணியின் கதையை விரிவாக எழுதி, நாட்டிலேயே உருப்படாத அணி இதுதான் என்று தீர்ப்பும் கொடுத்திருந்தது.

இந்த நிலையில்தான் அயோவாவிலிருந்து பில் ஸ்னைடர் வந்தார். அங்கு தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். தலைமைப் பயிற்றுவிப்பாளராக ஒரு பெரிய அணியை அதற்கு முன் நடத்தியதில்லை. ஐம்பதை எட்டும் வயது. மெல்லிய குரல். உற்சாகமூட்டும் பேச்சு எதுவும் அவரிடம் இருக்கவில்லை. வந்ததும் அணியின் சின்னத்தை மாற்றினார். பல்கலைக்கழகத்தின் ஓவியப் பேராசிரியர் ஒருவர் வரைந்த பூனைத் தலை அது. இன்றுவரை அதுவே சின்னம். பதினாறு குறிக்கோள்களை எழுதி வீரர்களுக்குக் கொடுத்தார். தவறுகளைக் குறை, ஒவ்வொரு நாளும் சற்று முன்னேறு, சுயநலம் வேண்டாம் என்பது மாதிரி, நம்மூர் மௌலவி குத்பாவில் சொல்லக்கூடிய விடயங்கள். ஆய்வுகூடத்தில் அதைப் படித்துக் காட்டிச் சிரித்தோம்.

முதல் மூன்று போட்டிகளிலும் தோல்வி. நான்காவது, செப்டெம்பர் 30 ஆம் திகதி, வடக்கு டெக்ஸாஸ் அணியோடு. கிழவர் தன்னிடமிருந்த இரண்டு அனுமதிச் சீட்டுகளில் ஒன்றை எனக்குத் தந்தார். மைதானத்தில் வெறும் இருக்கைகள் நிறையக் கிடந்தன. நேரம் முடியும் கணத்தில் எறியப்பட்ட பந்தை எல்லைக்குள் ஒருவன் பிடித்தான். 20-17. மூன்று வருடங்களில் முதல் வெற்றி. என்னைச் சுற்றியிருந்த பெரிய பெரிய ஆண்கள் அழுதார்கள். சனம் மைதானத்துக்குள் இறங்கி, கோல் கம்பத்தைச் சாய்க்கப் போனது.

அடுத்த சனிக்கிழமை நெப்ராஸ்காவிடம் 58-7. அதற்குப் பிறகு அந்தப் பருவத்தில் வெற்றியே இல்லை. ஒரு வெற்றி, பத்துத் தோல்வி.

"இந்த மனிசன் இரண்டு வருடம் தாங்கமாட்டார்" என்று நான் ஆய்வுகூடத்தில் சொன்னேன். இந்த விளையாட்டைப் பார்க்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது எனக்கு. தீர்ப்புச் சொல்ல அது போதும் என்று நினைத்தேன்.

கிழவர் பதில் சொல்லவில்லை. தன்னுடைய கொப்பியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு பக்கம். நான் எதிர்பார்த்த ஒன்று மட்டும் அதில் இல்லை. புள்ளிகள் எங்கும் எழுதப்படவில்லை. பந்து எத்தனை தடவை கைநழுவியது, தண்டனையாக எத்தனை யார் இழந்தார்கள், கடைசிக் கால்பகுதியில் யார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள், போன மாதம் செய்த பிழையை இந்த மாதமும் செய்தார்களா, இவ்வளவுதான். ஏன் புள்ளிகளை எழுதவில்லை என்று கேட்டேன்.

"அதைப் பத்திரிகைக்காரன் எழுதுவான்" என்றார்.

ஒரு புதிய பயிற்றுவிப்பாளரை முதல் வருடத்தில் அளப்பது ஏன் கடினம் என்பதை அவரிடமிருந்துதான் விளங்கிக்கொண்டேன். வருபவர் முதல் வருடம் ஆடவைப்பது, முன்னவர் தெரிவுசெய்த பிள்ளைகளை. தானாகத் தேடிப்பிடிக்கும் பதினெட்டு வயதுப் பையன்கள் உடம்பும் அறிவும் முதிர்ந்து முழு ஆட்டக்காரர்களாக மூன்று நான்கு வருடங்கள் வேண்டும். அங்கு ஒரு மாணவனுக்கு நான்கு பருவங்கள் ஆட உரிமையுண்டு. அவனை முதல் வருடம் ஆடவிடாமல் பயிற்சியில் மட்டும் வைத்திருந்தால் அந்த நான்கும் மிஞ்சும். ஸ்னைடர் இளம் பையன்களை அப்படி மறித்து வைத்தார். நல்ல கால்கள் ஓரத்தில் இருக்க, மெலிந்த அணி மைதானத்தில் அடிவாங்கும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது மடத்தனம். உள்ளே இருப்பவனுக்கு அது விதைநெல்லைச் சாப்பிடாமல் வைத்திருப்பது. விதைநெல்லின் ஈரப்பதத்தைப் படிக்கப் போனவனுக்கு அது விளங்காமல் போனதுதான் வேடிக்கை.

1990 ஓகஸ்ட் வந்தது. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் மூன்றாம் திகதி இரவு நடந்ததை நான் பல்கலைக்கழக நூலகத்தில், ஒரு பத்திரிகையின் உட்பக்கத்தில், சிறிய செய்தியாக வாசித்தேன். அடுத்த வாரம் ஏறாவூர். வீட்டுக்கு அழைப்பு எடுக்க முடியவில்லை. வாப்பாவின் கடிதம் வந்துசேர ஒன்றரை மாதம் எடுத்தது. அந்த ஒன்றரை மாதமும் கிழவர் சனிக்கிழமைகளில் என் அறைக் கதவைத் தட்டினார். ஒன்றும் கேட்கமாட்டார். கொப்பியையும் பென்சிலையும் என் கையில் தருவார். பந்து எத்தனை தடவை கைநழுவியது என்பதை எண்ணுவதற்கு ஒரு மனிதனின் முழுக் கவனமும் வேண்டும். அந்தப் பருவத்தில் அந்த அணியை நான் தாங்கினேனா, அணி என்னைத் தாங்கியதா என்று தெரியாது.

ஐந்து வெற்றி, ஆறு தோல்வியோடு 1990 முடிந்தது. 1991 இல் ஏழு வெற்றி, நான்கு தோல்வி. 58-7 என்று அடித்த அதே நெப்ராஸ்கா அதே லிங்கன் நகர மைதானத்தில் 38-31 என்று தப்பிப் பிழைத்தது. அதுவும் தோல்விதான். ஆனால் அன்று வானொலியை நிறுத்தும்போது கிழவர் சிரித்தார்.

நான் நாடு திரும்பிய பிறகு நடந்ததெல்லாம் நண்பனின் கடிதங்களில் வந்தது. 1993 இல் ஒன்பது வெற்றி. 1998 இல் பதினொரு போட்டிகளையும் வென்று நாட்டின் முதலிடம்வரை போனார்கள். முப்பது வருடங்களுக்குப் பிறகு நெப்ராஸ்காவையும் 40-30 என்று தோற்கடித்தார்கள். 2003 இல் ஒக்லஹோமாவை 35-7 என்று வென்று, 1934 இற்குப் பின் முதல் தடவையாகத் தங்கள் பிரிவின் கிண்ணத்தை எடுத்தார்கள். எளிய அணிகளைத் தேடி அழைத்து வெற்றிக் கணக்கைக் கூட்டினார் என்ற விமர்சனமும் ஸ்னைடர்மீது உண்டு. அதில் உண்மையும் உண்டு. தோற்றே பழகிய பிள்ளைகளுக்கு வெல்வது எப்படியிருக்கும் என்று காட்ட வேறு வழியிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. 2005 இல் அவர் ஓய்வுபெற்றபோது அந்த மைதானத்துக்கே அவர் குடும்பத்தின் பெயரைச் சூட்டினார்கள்.

இப்போது நான் சொல்லவேண்டிய மற்றக் கணக்குக்கு வருகிறேன்.

2005 இல் எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றுக்குப் புதிய அதிபர் ஒருவர் வந்தார். நான் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருந்தேன். சாதாரண தரப் பெறுபேறு சில வருடங்களாக நல்ல வீதம் காட்டிக்கொண்டிருந்த பாடசாலை. அது எப்படி வந்த வீதம் என்பது ஊருக்கே தெரிந்த இரகசியம். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பத்தாம் தரத்திலேயே மெல்ல ஒதுக்கிவிடுவார்கள். சிலரைத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக எழுதச் சொல்வார்கள். மீந்தவர்களை வைத்து வீதம் கணக்கிடுவார்கள்.

புதியவர் இதை நிறுத்தினார். வரவுப் பதிவேட்டில் பெயருள்ள எல்லாப் பிள்ளையும் பாடசாலையின் பெயரிலேயே எழுதவேண்டும் என்றார். நின்றுபோன பையன்களைத் தேடி வாடிக்கும் வயலுக்கும் போனார். மாலை வகுப்புகளில் முதல் வரிசையை அவர்களுக்குக் கொடுத்தார். அடுத்த பெறுபேறு வந்தது. வீதம் சரிந்தது. பக்கத்துப் பாடசாலை எங்களை முந்தியது. கடைத்தெருவில் கேலி தொடங்கியது.

அவரை மாற்றக் கோரி வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு தயாரானது. மஃரிபுக்குப் பிறகு என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். "உங்கட கையெழுத்து இருந்தா பாரமா இருக்கும் ஹாஜி" என்றார்கள். ஒரே ஒரு வருடப் பெறுபேறு எங்கள் கையில் இருந்தது. எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. சித்தியடைந்தவர்களின் எண்ணிக்கை முன்னைய வருடத்தைவிடக் கூடியிருக்கிறது என்பதை யாரும் சொல்லவுமில்லை. நான் தேடிப் பார்க்கவுமில்லை. கையெழுத்து வைத்தேன். இரண்டு மாதத்தில் அவருக்கு இடமாற்றம் வந்தது.

அதே காலத்தில்தான் கன்ஸாஸிலும் ஒரு புதியவரை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்னைடரின் இடத்துக்கு வந்த றொன் பிரின்ஸ் 2006 இல், முதல் வருடத்திலேயே, ஏழு போட்டிகளில் வென்றார். டெக்ஸாஸ் என்ற மலையைச் சாய்த்தார். அடுத்த வருடமும் சாய்த்தார். "தங்கம் கிடைத்துவிட்டது" என்று நண்பன் எழுதினான். ஆனால் 2007 இல் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. 2008 இலும் அதேதான். அந்த நவம்பரில் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். அறுபத்தொன்பது வயதில் ஸ்னைடர் திரும்பி வந்தார்.

அந்தச் செய்தி வந்த இரவு, என்ன தோன்றியதோ, ஒரு தாளை எடுத்து இரண்டு பேரின் முதல் மூன்று வருடங்களையும் எழுதிப் பார்த்தேன். ஸ்னைடர்: பதின்மூன்று வெற்றி, இருபது தோல்வி. பிரின்ஸ்: பதினேழு வெற்றி, இருபது தோல்வி. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் விலக்கப்பட்டவர்தான் சிறந்தவர். வருட வாரியாக எழுதினால் கதை மாறியது. ஒருவருக்கு ஒன்று, ஐந்து, ஏழு. மற்றவருக்கு ஏழு, ஐந்து, ஐந்து. ஒருவர் கையேற்றது மூன்று வருடம் வெற்றியையே காணாத அணி. மற்றவர் கையேற்றது சற்றுத் தளர்ந்திருந்தாலும் வெல்லத் தெரிந்த அணி. எங்கே தொடங்கினார், எந்தப் பக்கம் போகிறார் என்ற இரண்டையும் கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் கையில் வைத்திருப்பவன் இரண்டு பேர் விடயத்திலும் பிழையான தீர்ப்பே சொல்லுவான். 1989 இல் நான் பத்துத் தோல்வியைப் பார்த்து ஒருவரை முடித்துவிட்டேன். 2006 இல் என் நண்பன் ஏழு வெற்றியைப் பார்த்து இன்னொருவரைத் தங்கமாக்கினான்.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் கையெழுத்து வைத்த மனு நினைவுக்கு வந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. கிழவரின் கொப்பியைக் கையில் பிடித்திருந்தவன், அதன் அர்த்தம் தெரிந்தவன், தன் ஊரில் ஒரு மனிதரை எடைபோட வேண்டி வந்தபோது பத்திரிகைக்காரன் எழுதுவதை மட்டுமே பார்த்திருக்கிறான்.

பல வருடங்கள் கழித்து ஒரு கலியாண வீட்டில் அந்த அதிபரைக் கண்டேன். ஓய்வுபெற்றிருந்தார். ஒரே சஹனில் உட்காரும்படி ஆகிவிட்டது. சோற்றில் கைவைக்குமுன், "சேர், அந்த மனுவுல நானும் கையெழுத்து வெச்சன்" என்றேன்.

"தெரியும்" என்றார். சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "என்னை மாத்தினது எனக்குக் கவலையில்ல ஹாஜி. எங்க போனாலும் புள்ளையள்தானே. நான் உள்ளுக்கு எடுத்த புள்ளையள அடுத்த வருசம் திரும்ப வெளியால போட்டுட்டாங்க எண்டு கேள்விப்பட்டன். அதுதான்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இறைச்சியை என் பக்கம் தள்ளிவைத்தார். மாப்புக் கேட்டேன். அவர் தந்தார். அந்தப் பிள்ளைகளிடம் எங்கே போய்க் கேட்பது?

பொறுமையாக இருங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல இதை நான் எழுதவில்லை. பொறுமையின் பெயரால் சோம்பேறிகளையும் திறமையற்றவர்களையும் வருடக்கணக்கில் சுமந்த நிறுவனங்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த விளையாட்டிலும் காலம் மாறிவிட்டது. இப்போது மாணவர்கள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் அடுத்த பருவத்திலேயே ஆடலாம். இந்தியானா அணி 2023 இல் மூன்று போட்டிகளில்தான் வென்றது. அடுத்த வருடம் கேர்ட் சிக்னெட்டி வந்தார். தன் பழைய அணியின் ஆட்டக்காரர் பலரையும் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் வருடத்திலேயே பதினொரு வெற்றி. எனக்கு ஐந்து வருடம் வேண்டும் என்று இனி ஒரு பயிற்றுவிப்பாளர் கேட்டால், ஏன் என்று திருப்பிக் கேட்கச் சனத்துக்கு உரிமையுண்டு. கிழவரும் கண்ணை மூடிக்கொண்டு பொறுமை காக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் உட்கார்ந்து, பிழைகளை ஒன்றொன்றாக எண்ணி எழுதினார். குறையாமல் கூடியிருந்தால் அவர்தான் முதலில் எழுந்து போயிருப்பார்.

போன வருடம் இன்னொரு மனு வந்தது. வேறு பாடசாலை, வேறு அதிபர். கொண்டுவந்தவர் இளம் பையன். எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள், அதற்கு முன்னைய வருடம் எத்தனை பேர் என்று கேட்டேன். தெரியாது என்றான். தெரிந்துகொண்டு வா, அப்போது கதைப்போம் என்றேன். அவன் திரும்பி வரவில்லை. என் கையெழுத்து இல்லாமலே அது போயிருக்கும்.

நண்பனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். கொலின் க்ளைன் ஸ்னைடரிடமே ஆடிய பையன். 2012 இல் அந்த அணி பிரிவுக் கிண்ணத்தை எடுத்தபோது குவாட்டர்பேக்காக நின்றவன். அந்த வருடத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதுத் தெரிவில் மூன்றாமிடம் பெற்றவன். அவன் கையேற்பது 2025 இல் ஆறு வென்று ஆறு தோற்ற அணி. 2026 பருவம்தான் அவனுக்கு முதலாவது. நல்லவன், நம்மவன் என்பதற்காக அவனை உயர்த்திவைக்கவும் கூடாது. ஒரு சனிக்கிழமை அடிவாங்கினான் என்பதற்காக இறக்கிவைக்கவும் கூடாது.

இதையெல்லாம் எழுதினேன். நீளமாகத் தோன்றியது. அழித்துவிட்டு இரண்டு வரி மட்டும் அனுப்பினேன்: "புள்ளிகளை நான் பத்திரிகையில் பார்த்துக்கொள்கிறேன். பந்து எத்தனை தடவை கைநழுவுகிறது என்று நீ எண்ணி அனுப்பு."